வண்ணத்துப்பூச்சிக்கும் கடைசித் தேதி

வானிலையைச் சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் நம்பிச் சொல்ல முடியாது என்று உலகத்துக்குப் பாடம் எடுத்தது நேரியலற்ற கணிதம். அந்தத் துறைக்காரர்கள்தான், அடுத்த மே மாதம் நீங்கள் என்ன கண்டுபிடித்திருப்பீர்கள் என்பதை முந்தைய ஆண்டே மாநாட்டுக்குச் சுருக்கமாக எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் சியாம் (SIAM) கணிதச் சங்கம் இரண்டாண்டுக்கொரு முறை கூட்டும் இயக்க அமைப்புகள் மாநாடு, யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில், பனிச்சறுக்கு மலையில், பல காலம் நடந்தது. மலையில் பனி என்றைக்கு உருகும் என்று சொல்லத் தயங்குகிறவருக்குத் தன் நிரூபணம் என்றைக்கு முடியும் என்பதில் சந்தேகமே இல்லை.

மண்டபம் பிடிக்க வேண்டாமா, விசா எடுக்க வேண்டாமா என்பார்கள். நியாயம்தான், ஆனால் மண்டபக்காரர் கேட்பது ஆள் கணக்கை, தேற்றத்தை அல்ல. 1972இல் வாஷிங்டனில் ஆற்றிய உரைக்கு வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸே நேரத்துக்குத் தலைப்புத் தரவில்லை. அமர்வை அமைத்த பிலிப் மெரிலீஸ், பிரேசில் வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் டெக்சஸில் சுழற்காற்று கிளம்புமா என்று தாமே ஒன்றை எழுதிப் போட்டார். துறையின் புகழ்பெற்ற பூச்சி, கெடு தவறியதில் பிறந்தது!

கெடு இல்லாவிட்டால் வேலை நடக்காது என்பது அடுத்த வாதம். கெடு வைத்தால் நடக்கும், எப்படி என்பதுதான் கேள்வி. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் பரிசுக்கு 1888இல் கெடுவுக்குள் அனுப்பி வென்ற கணிதவியலாளர் புவான்காரேயின் கட்டுரையில் பெரும்பிழை இருந்தது. அதைத் திருத்தும்போதுதான் ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் முதல் தடயம் அகப்பட்டது. பரிசு 2,500 குரோனர். பிழை திருத்திய மறு அச்சுக்கு அவர் கட்டியது 3,500க்கும் மேல்.