48 மணி நேர வேகத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

அனுப்புநர்: உசிலம்பட்டிப் பயணி ஒருவன்
பெறுநர்: தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துத் துறை, சென்னை
பொருள்: போல்ட் முடுக்கியமைக்குப் பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக

ஐயா,

2024 ஏப்ரலில் திருச்சியில், ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே.நகர் போன டவுன் பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கண்டக்டரும் அவர் சீட்டும் மட்டும் திரும்பாமல் நேரே ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு சென்னை அமைந்தகரைப் பக்கம் ஓடும் பஸ்ஸில் தளப்பலகை உடைந்து, ஒரு பெண் ஓட்டை வழியே இறங்க நேர்ந்தது. படிக்கட்டு இருக்க ஓட்டையைப் பயன்படுத்தியதற்கு அவரிடம் விளக்கம் கேட்காமல் விட்டது தங்கள் பெருந்தன்மை.

திருச்சிக்குப் பிறகு உத்தரவு வந்தது: அரசுப் பேருந்துகள் அத்தனையையும் 48 மணி நேரத்தில் சோதிக்க வேண்டும். சுமார் 20,000 வண்டி. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏழு! டிப்போக்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றனவே என்பீர்கள். சரி, பங்கு பிரித்தால் டிப்போவுக்கு அறுபத்துச் சொச்சம்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் பஸ்கள் ஓடிக்கொண்டும் இருந்தன. ஓடுகிற வண்டிக்கு அடியில் எப்படிப் படுத்தார்கள் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

எங்கள் மதுரைப் பக்கம் இந்த வேகம் பழகாதது. 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வருவதற்கு முன் இங்கே டி.வி.எஸ். பஸ் ஓடியது. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணி டயரைக் குத்திவிடும் என்று, காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் விட்டு ஆணி பொறுக்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பஞ்சர் ஆவதற்கு முன்பே! கெடட்டும், பிறகு பார்ப்போம் என்ற நிதானம் தெரியாத மனிதர்கள்.

அதே கெட்ட பழக்கம் சில ஓட்டுநர்களுக்கு இன்னும் இருக்கிறது. அப்படி ஒருவர் விடிகாலையில் ஆயில் பார்க்கிறார், ரேடியேட்டரில் தண்ணி பார்க்கிறார், டயரை ஒரு தட்டுத் தட்டுகிறார், பிரேக்குக்கு ஏர் ஏறும்வரை முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்க வேண்டியவருக்கு அந்த முள் முக்கியம். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காக அடித்த பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் பிரேக் பிடிக்காது.

இதில் ஒரு சங்கடம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வண்டியைப் பொறுப்பேற்பது, கொண்டுபோய் நிறுத்துவது, தேவையான பராமரிப்பு ஆகிய ஸ்டியரிங் பிடிக்காத வேலைகளையும் வேலை நேரமாகவே எண்ணியது. அந்த நிமிடங்கள் டியூட்டி சீட்டில் எந்த வரியில் இருக்கின்றன? ஓட்டுநர் எழுதிய குறை சரியாகாவிட்டால், "வண்டி எடுக்க மாட்டேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை கிடைக்குமா, மெமோ கிடைக்குமா?

பாராட்டு முடிந்தது, இனி மனு. வண்டி எடுக்கும் முன் கால் மணி நேரத்தைச் சம்பளத்தோடு ஓட்டுநர் கணக்கில் எழுதுங்கள். குறை இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்ட வண்டி டிப்போ கேட்டைத் தாண்டக் கூடாது. ட்ரிப் ரத்தானால் ஆகட்டும். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை.

இப்படிக்கு,
ஜன்னலோர சீட்டை அசைத்துப் பார்த்துவிட்டு உட்காரும் பயணி