ஒன்றுக்கு ஒன்பது

மார்கழியில் அம்பத்தூர்ப் பக்கம் பரங்கிக்கொடி வைத்திருப்பவனுக்குத் தனி மரியாதை உண்டு. கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருக ஒரு பூ வேண்டுமே! வருஷம் முழுக்க முகம் கொடுக்காதவர்கள்கூட, "சார், மொட்டைமாடியில பூ நிறைய பூத்திருக்கு போல?" என்று விசாரிப்பார்கள். ஆண் பூவாகப் பார்த்துப் பறித்துக் கொடுப்பேன். பிஞ்சோடு இருக்கும் பெண் பூவைக் கேட்டால் அன்றோடு உறவு முறிந்தது.

இதே மார்கழியில்தான் சாம்பல் நோயும் வரும். முதலில் இலைமேல் ஒரு வெள்ளைப் பொட்டு. சில நாளில் கொடியே முகம் முழுக்கப் பவுடர் அப்பிய கல்யாணப் பெண்ணாக நிற்கும். விரலால் தடவினால் மாவு ஒட்டும்.

"எஸ்டேட் தூசி சார், கழுவி விடுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். அம்பத்தூரில் எந்த வியாதிக்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்தான் காரணம். ஆனால் இது பூஞ்சை. பெரும்பாலான பூஞ்சைகள் முளைக்க இலை நனைந்திருக்க வேண்டும். இதற்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. பனி விழும் இரவு, காய்ந்த பகல், காற்றுப் புகாத நெருக்கம் இருந்தால் போதும், ஆவடி, பூந்தமல்லி வரை ஒரு மாடியையும் விட்டுவைக்காது.

மாந்தோப்பு வைத்திருக்கும் மைத்துனர் போனில், "கந்தகத்தூள் தூவுங்க மாமா" என்றார். மாம்பூவுக்கும் திராட்சைக்கும் அது சரி. பூசணிக் குடும்பத்துக்குத் தூவினால் நோயோடு இலையும் கருகிவிடும்.

கடைசியில் வழிகாட்டியது பிரேசில். அங்கே வாக்னர் பெட்டியோல் என்ற விஞ்ஞானி, பரங்கிக்குச் சொந்தக்காரனான சுகினிச் செடிகளில் பசும்பாலைத் தண்ணீர் கலந்து தெளித்துப் பார்த்து, 1999இல் கட்டுரை எழுதினார். பாலின் அளவு கூடக் கூட சாம்பல் குறைந்ததாம். ஆவின் பால்பண்ணை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்யாவிட்டால் எப்படி?

நோய் முற்றிய அடியிலைகளை முதலில் கிள்ளி எறிந்தேன். நீலப் பாக்கெட் பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. காலை வெயிலில் இலையின் இரண்டு பக்கமும் நனைய வாரா வாரம் தெளிப்பு. பழைய இலை தேறவில்லை, புது இலை பச்சையாகவே வந்தது. தெருப் பூனை ஒன்று மட்டும் திடீரென்று சைவத்துக்கு மாறி, இலை இலையாக நக்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, பாக்கெட்டைக் காணோமே?" என்றாள் மனைவி. பெட்டியோலைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை எனக்கு வந்த காபியும் அதே ஒன்றுக்கு ஒன்பது கணக்கில்தான் இருந்தது.