நீலசந்திரா அடுக்களைத் தரையின் ஐந்திணை: வினைல் பலகை குறித்த ஓர் ஆராய்ச்சி

1. நோக்கமும் களமும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழர் அடுக்களைத் தரையை மட்டும் பகுக்காமல் விட்டனர். இலக்கணம் வகுத்தவர்கள் சாப்பிட மட்டுமே உள்ளே போனார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக் களம் பெங்களூரு நீலசந்திரா. ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஆனேபாளையா சூழ்ந்த பேட்டை. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இடம். இருபதுக்கு முப்பது சைட் என்றால் 600 சதுர அடி. அதில் படிக்கட்டும் சம்ப்பும் தம் பங்கை எடுத்துக்கொண்டபின், அடுக்களைக்கு ஆறுக்கு எட்டு அடி மிஞ்சினால் அது பெரிய வீடு. சமையலறை வேறு, சாப்பாட்டு அறை வேறு என்னும் துவைதம் இங்கே செல்லாது, அத்வைதமே. ஹாலில் செய்தித்தாள் விரித்தால் சாப்பாட்டு அறை, பாய் விரித்தால் படுக்கையறை. மேசைக்கென்று தனிப் பிறவி கிடையாது; தரையே மேசை. ஆகவே தரையைத் தேர்ந்தெடுப்பது இங்கே மேசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதாகும் என்க.

2. முன்னோர் கொள்கைகள்

காவித் தரையார் மூத்தவர். சிமெண்டில் இரும்பு ஆக்சைடு கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை அவர்களுடையது. வயதாக ஆக அழகு கூடும். ஆனால் விரிசல் விட்டால் ஒட்டுப்போட்ட இடம் எந்தக் காலத்திலும் பழைய சிவப்போடு சேராது.

அடுத்தவர் மொசைக்கார். பளிங்குச் சில்லு பதித்து, மிஷின் வைத்துப் பாலிஷ் போட்டவர். அவர்தம் தரையில் கறிவேப்பிலை விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இதைக் குறை என்பாரும் உளர், நிறை என்பாரும் உளர்.

மூன்றாமவர் விட்ரிஃபைடு டைல்ஸார். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வருபவர். டைல் அரை சதவீதத்துக்குமேல் நீரை உறிஞ்சாது என்பது உண்மை. ஆனால் டைலுக்கும் டைலுக்கும் நடுவே பூசிய வெள்ளை ஜாயிண்ட், முதல் மாதச் சாம்பாரிலேயே மஞ்சள் பூசிச் சுமங்கலியாகிவிடும். பித்தளைச் சொம்பு கைதவறினால் சொம்பும் நெளியும், டைலும் முனை உடையும், கீழ்வீட்டுக்காரரும் எழுந்திருப்பார்.

இவர்களுக்குப் பின் வந்தவர் வினைலார். 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்பவர் பிவிசியை வளைந்துகொடுக்கும் பொருளாக்கினார். இன்று லக்சுரி வினைல் டைல் என்று விற்பது அதன் பேரப்பிள்ளை. அடியில் ஒரு தளம், அதன்மேல் மரத்தின் நிழற்படம் அச்சிட்ட படலம், அதன்மேல் தேய்மானத்தைத் தாங்கும் கண்ணாடிபோன்ற படலம். வாங்குகிறவர் பார்ப்பது நிழற்படத்தை, உழைப்பதோ மேல்படலம். அது வீட்டுக்கு 0.3 மி.மீ. போதும், ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்துக்கு 0.5 மி.மீ. வேண்டும் என்பது பொது வழக்கு. மூன்று தலைமுறை ஒரே நேரத்தில் காபிக்கு நுழையும் நீலசந்திரா அடுக்களை இரண்டாம் வகையைச் சாரும் என்பது எம் துணிபு.

எஸ்.பி.சி. எனப்படும் கெட்டி ரகத்தில் நடுத்தளத்தின் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் பொடி. அடுப்பு மேடைக்கு நாம் காலங்காலமாகப் போட்ட கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்லே. ஆக, தாத்தா கல்லாக வாங்கியதைப் பேரன் பொடியாக்கி, பிளாஸ்டிக்கில் குழைத்து, மேலே தேக்குமரப் படம் ஒட்டி வாங்குகிறான். இதுவே இவ்வாராய்ச்சியின் முதற் கண்டுபிடிப்பு.

3. ஐந்திணைப் பகுப்பு

குறிஞ்சி, சிலிண்டர் நிற்கும் மூலை. உரிப்பொருள் புணர்தல். 14.2 கிலோ கேஸும் இரும்பும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ. அதன் அடிவளையம் ஈரத் தரையோடு கூடிப் பெற்ற துருவட்டம் எந்தப் பொடிக்கும் பிரியாது. "அக்கா, ஓரமா வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே சிலிண்டரை விளிம்பில் உருட்டி வருபவர் வினைலில் வரையும் கோடும் நிலையானது.

முல்லை, பிரிட்ஜின் முன். உரிப்பொருள் இருத்தல். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுக்க வந்தோம் என்று யோசித்து நிற்கும் இடம். பெங்களூரின் டிசம்பரில் டைல்ஸ் கால் விறைக்கும் அளவுக்குச் சில்லிடும், வினைல் சில்லிடாது. இத்திணையில் வினைலார் வென்றார்.

மருதம், கிரைண்டர் இருக்குமிடம். உரிப்பொருள் ஊடல், சிந்திய மாவைத் துடைப்பது யார் என்பதே அது. கிரைண்டரின் கால்கள் ஒரே இடத்தில் அழுத்தினால் மெல்லிய வினைலில் குழி விழும். அடியில் ஒரு பலகை வைப்பது மரபு.

நெய்தல், பாத்திரம் கழுவுமிடமாகிய மோரி. உரிப்பொருள் இரங்கல். "தண்ணி பட்டா ஒண்ணுமே ஆகாதுக்கா" என்று கடைப்பையன் சொல்வது பலகைக்குப் பொருந்தும். ஓரங்களின் வழியே அடியில் புகுந்த நீருக்குப் பொருந்தாது. அங்கே ரப்பர் மிதியடி போடுவாரும் இரங்குவர். ரப்பர் வினைலோடு வினைபுரிந்து மஞ்சள் கறையாகும், தேய்த்தால் போகாது.

பாலை, அடுப்பின் முன். உரிப்பொருள் பிரிதல். பிவிசி 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். விசில் வரும் குக்கரின் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரைப் பந்திக்கு நடுவே அப்படியே வைத்தால் தேக்குமரம் வட்டமாகச் சுருங்கும். சில ரூபாய்ப் பிரிமணை இதைத் தடுக்கும்.

ஐந்துக்கும் பொதுவான கருப்பொருள் மஞ்சள்தூள். அதன் சாயம் வெயிலில் வெளிறும். சுவரோடு சுவர் ஒட்டிய சந்தில் வெயில் ஏது? எனவே எண்ணெயோடு சிந்திய மஞ்சளை அந்தக் கணமே துடைக்காதவருக்கு இத்தரை ஆகாது.

4. தடையும் விடையும்

வாடகை வீட்டுக்கு இவ்வளவு செலவா என்பது தடை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டுப் பிறர் தரையில் பணம் போடுவது அறிவா? விடை: ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கிளிக் வகை வினைல் பலகைக்குப் பசை வேண்டாம்; வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் பழைய அடுக்களைகள் கழுவிய நீர் ஓடுவதற்காக மோரிப் பக்கம் சாய்வாகக் கட்டப்பட்டவை. கிளிக் பலகையோ மூன்று மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று மி.மீ.க்குமேல் ஏற்ற இறக்கம் பொறுக்காது. வாளியால் நீர் ஊற்றித் தள்ளிக் கழுவும் குடும்பத்துக்கு வினைல் விலக்கு. மாப் போட்டுத் துடைக்கும் குடும்பத்துக்கு விதி.

5. முடிபு

ஹாலுக்கு வினைல் கொள்க. அடுப்புக்கும் மோரிக்கும் முன்னே டைல்ஸோ கல்லோ கொள்க. வாங்குமுன் ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி, எண்ணெயில் குழைத்த மஞ்சளை ஓர் இரவு பூசி வைத்து, சிலிண்டரை அதன்மேல் ஒருமுறை இழுத்துப் பார்க்க. சாம்பிள் தராத கடையில் வாங்க வேண்டாம். நிறத்தையும் ரகத்தையும் முடிவு செய்யும் உரிமை, தினமும் குனிந்து அத்தரையைத் துடைப்பவருக்கே உரியது; காசு கொடுப்பவர் பில்லில் கையெழுத்துப் போட்டால் போதும்.