சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் இராவுணவுப் படம்: கால்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் சாப்பாட்டு மேசைக்கு மேல், ஃபிரிட்ஜுக்கும் கை கழுவும் தொட்டிக்கும் இடைப்பட்ட சுவரில், பொன்னிறச் சட்டத்துக்குள் தொங்கும் கடைசி இராவுணவுப் படமே இவ்வாய்வின் பொருள். இதை நகல் என்பது உலக வழக்கு. அவ்வழக்கு பொருந்தாது, மிலான் நகரில் லியொனார்தோ தா வின்சி சுவரில் வரைந்ததே குறைபட்ட படி, வீட்டுச் சுவரில் இருப்பதே மூலம் என்று நிறுவப் புகுந்தோம்.

முதற்கண் கால்கள். வீட்டுப் படங்கள் பலவற்றில் மேசைக்கடியில் இயேசுவின் பாதங்கள் தெரியும். மிலானில், சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்து உணவுக்கூடச் சுவரில், அவை இல்லை. லியொனார்தோ 1490களில் வரைந்தபோது இருந்தவைதாம். 1652இல் அந்தச் சுவரில், மேசைக்கு நேர் கீழே வாசல் ஒன்றைத் திறந்தார்கள். ஆண்டவருடைய பாதங்கள் இடிபாட்டோடு போயின. வாசலைப் பின்னர் அடைத்தாயிற்று, பாதங்கள் திரும்பவில்லை. காலிழந்தது மூலம், காலுள்ளது நகல் என்பது எந்த ஊர் அளவையியல்?

'வீட்டுப் படத்துக்குக் கால்கள் எங்கிருந்து வந்தன?' எனில், பழைய படிகளிலிருந்து என்க. லியொனார்தோவைப் பின்பற்றிய ஜாம்பியெத்ரீனோ 1520ஐ ஒட்டி வரைந்த பெரிய படி லண்டன் ராயல் அகாதெமிக்குச் சொந்தம். அதில் பாதங்கள் பத்திரமாக இருக்கின்றன. மிலான் சுவரை 1978 முதல் 1999 வரை பழுதுபார்த்தவர்கள், எங்கே என்ன இருந்தது என்று அறிய இந்தப் படியைத்தான் ஒப்புநோக்கினார்கள். ஐயம் தீர எதைப் பார்க்கிறோமோ அதுவே மூலம். இதற்கு மேல் சான்று கேட்போர் விதண்டாவாதிகள்.

அடுத்தது ஆயுள். ஈரச் சுண்ணத்தில் விரைந்து வரைவது சுவரோவிய மரபு. அந்த அவசரம் லியொனார்தோவுக்கு ஒத்துவரவில்லை; காய்ந்த சுவரில் நிதானமாக வரைந்தார். அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கியது. அதே கூடத்தின் எதிர்ச்சுவரில் மொந்தோர்ஃபானோ என்பவர் 1495இல் சிலுவைப்பாட்டை முறைப்படி ஈரச் சுண்ணத்தில் வரைந்தார். அது இன்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஒழுங்காக வேலை செய்த மனிதர். அவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீடு ஒன்றையும் நாம் கண்டதில்லை. (இதில் ஆய்வாளருக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் உண்டு.) மிலானில் அழுக்கும் பிறர் பூசிய வண்ணமும் நீக்க இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது. வீட்டுப் படத்துக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, முடிந்தது.

எல்லாவற்றினும் வலிய சான்று சோறு. அந்த ஓவியம் மடத்து உணவுக்கூடத்துக்காகப் பிறந்தது. துறவிகள் உண்ண, அவர்களோடு இயேசுவும் பன்னிருவரும் பந்தியில் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்பதே கருத்து. இன்று அங்கே முன்பதிவு செய்துகொண்டு பதினைந்து நிமிடம் நிற்கலாம். ஒரு முறுக்குக் கூடக் கடிக்க முடியாது. வீட்டிலோ மூன்று வேளையும் பந்தி நடக்கிறது, கண்ணாடியில் ரசம் தெறிக்கிறது. செய்ய வந்த வேலையைச் செய்துகொண்டிருப்பது எது என்று வாசகரே தீர்ப்பளிக்கலாம்.

பதின்மூவரும் ஒரே பக்கம் அமர்ந்தது ஏன் என்னும் நெடுநாள் வினாவும் இங்கேதான் தெளிகிறது. ஓவியர் வசதிக்கு என்பார் கூற்று மேலோட்டமானது. எதிர்ப்பக்கம் வீட்டாருக்கு.

சட்டம் பற்றி ஒரு தடை எழக்கூடும்: மிலானில் உள்ளதற்குச் சட்டமே இல்லையே? அது சுமார் 8.8 மீட்டர் அகலச் சுவர். ஆணியில் மாட்ட இயலாதது அதன் குறை, நம் குறையன்று.

நேர்மை கருதி வீட்டுப் படத்தின் குறை ஒன்றையும் பதிவு செய்கிறோம். யூதாசின் கைபட்டு உப்புக் கிண்ணம் சாய்ந்திருப்பது லண்டன் படியில் தெளிவு. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யப் போகிறவன் உப்பைக் கொட்டுவதில் உள்ள குறிப்பைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் சுருக்கி அச்சிட்ட வீட்டுப் படத்தில் அந்தக் கிண்ணம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று முறையிடுவோருக்கு, சமைத்தவர் யூதாசைச் சுட்டிக்காட்டித் தப்பிக்கும் வழி இதனால் அடைபட்டிருக்கிறது. படக்கடைக்காரர்கள் ஆவன செய்க.