யெஸ்டர்டே ஐயா

ஆங்கிலத்தில் பேசும்போது ‘யெஸ்டர்டே’ என்ற சொல் வாயில் வந்துவிட்டால் போதும், ஐயாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிடும். ஆட்காட்டி விரல் எழும்பும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்ல வந்தது திருமணமோ தீ விபத்தோ, யாருக்கும் அக்கறை இல்லை. “ஹேவா? யெஸ்டர்டேயோட ஹேவா?” என்று ஐயா கேட்பார். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் தங்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாங்குக்கு நகர்வார்கள்.

கலவானயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இவர் இல்லாத இடமில்லை. சில இடங்களில் டியூஷன் சேர், சில இடங்களில் கொழும்புக் கம்பனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் பக்கத்தவர் ஓய்வுபெற்ற கிளாக்கர். சட்டைப் பையில் சிவப்புப் பேனை, கக்கத்தில் குடை, சீனி போடாத பிளேன்டி. பெயர் நமக்கெதற்கு? லயத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது: யெஸ்டர்டே ஐயா.

ஐயாவின் சட்டம் ஒன்றே ஒன்று. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் அங்கே ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரக் கூடாது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்றால் குற்றம். ‘ஐ சோ ஹிம் யெஸ்டர்டே’ என்றால் விடுதலை. சட்டம் என்னவோ சரிதான். ரேமண்ட் மர்ஃபி 1985 இல் எழுதி உலகமெல்லாம் விற்கும் இலக்கண நூலிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஐயா மர்ஃபியை ஏற்கமாட்டார். படம் போட்ட புத்தகம் அவருக்குப் பாலர் வகுப்பு. அவருடைய வேதம் அட்டை போன ரென்–மார்ட்டின். அந்த பி.சி. ரென் என்பவர்தான் 1924 இல் ‘போ ஜெஸ்ட்’ என்று பாலைவனச் சண்டைக் கதை எழுதிப் பேர் வாங்கியவர் என்று சொன்னால் ஐயாவுக்குக் கோபம் வந்துவிடும். “கிராமர் எழுதுற மனுசன் கட்டுக்கதை எழுதுவானா? அது வேற ரென்.”

எங்கள் லயத்துப் பையன் ஒருவன் கொழும்பில் கடையொன்றில் வேலை. பாட்டி இறந்த செய்தி கேட்டு ராவோடு ராவாக பஸ் ஏறி வந்துவிட்டான். மனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் போட வேண்டும். ‘மை கிராண்ட்மதர் ஹேஸ் டைட் யெஸ்டர்டே’ என்று தட்டிவிட்டு, அனுப்புவதற்கு முன் ஐயாவிடம் காட்டினான். காட்டியிருக்கக் கூடாது.

“தம்பி, ஹேஸ் டைட்னா என்னா அர்த்தம்? நடந்து முடிஞ்சிருச்சு, ஆனா அதோட பலன் இன்னும் கண்ணு முன்னால இருக்குன்னு அர்த்தம்.”

“இருக்குதுங்க ஐயா. பாட்டி வீட்டுலதான் கெடக்குது.”

“அப்ப யெஸ்டர்டேயை எடு.”

“நேத்துத்தானுங்க செத்துச்சு.”

“அப்ப ஹேஸை எடு.”

பையன் எதை எடுப்பதென்று தெரியாமல் இரண்டையும் எடுத்தான். ‘மை கிராண்ட்மதர் டைட்’ என்று மிஞ்சியது. ஐயா அதையும் விடவில்லை. “எப்ப செத்தான்னு மனேஜர் கேட்க மாட்டானா?” என்றார். அதற்குள் பெட்டி தூக்கும் நேரம் வந்துவிட்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதுகூட ஐயா பையனின் தோளில் கை போட்டு, ஆறுதல் சொல்கிற தோரணையில், பாஸ்ட் பெர்ஃபெக்ட் சொல்லிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு ஐயா கையில் வைத்திருக்கும் உதாரணம் எங்கள் ஊர் அரசியல். 1977 இல் கலவானத் தொகுதியில் வென்றவர் தேர்தல் வழக்கில் பதவி இழந்தார். பிறகு 1981 சனவரியில் இடைத்தேர்தல் வைத்தார்கள், கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகம வென்றார். நாடே பேசிய தேர்தல் அது. அதைப் பற்றி ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள். கூட்டம் எப்படி, சண்டை எப்படி, யார் வாக்குப் போட்டார்கள் எதுவும் வராது. “ரெண்டு சம்பவம். எது முந்தி? வழக்குல தோத்தது முந்தி. அதுக்கு ஹேட் லாஸ்ட். எலெக்ஷன்ல வென்றது பிந்தி. அதுக்கு வெறும் வன்.” அவ்வளவுதான் கலவான இடைத்தேர்தல்.

சம்பள விடயத்திலும் இதே கதை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு 2018 இல் மலையகத்து இளைஞர்கள் காலிமுகத்திடல் வரை போனார்கள். வர்த்தமானியில் அது வந்து சேர 2021 ஆனது. இடைப்பட்ட காலம் முழுக்க எல்லாரும் ‘தருவோம், தருவோம்’ என்று எதிர்காலத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் இதைச் சொல்லிக் கொதித்துக்கொண்டிருக்க, ஐயா நடுவில் புகுந்தார். ‘வீ’ என்று தொடங்கினால் ‘வில்’ வராதாம், ‘ஷல்’தான் வர வேண்டுமாம். “ரெண்டுல எதைப் போட்டா ஐயா காசு வரும்?” என்று கேட்டார் ஒரு அக்கா. அன்றைக்கு மட்டும் ஐயாவின் கண்ணாடி மேலே ஏறியது.

2009 ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டு என்று அறிவித்தது. இங்கிலிஷை நம்முடைய பாணியிலேயே கூச்சமில்லாமல் பேசுங்கள் என்பது அப்போதைய பேச்சு. ‘ஸ்பீக் இங்கிலிஷ் அவர் வே’ என்றார்கள். ஐயா அந்த ஆண்டு முழுக்கத் துக்கம் காத்தார். “அவர் வேயாம்! தப்பான வேக்குக் கவர்மெண்டே ரோட்டுப் போட்டுக் குடுக்குது” என்பார்.

இவ்வளவையும் ஊர் ஏன் பொறுத்துக்கொண்டது? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாகி, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலை எண்ணிப் பங்கு போடப்பட்டு, அதிலும் எந்தப் பக்கமும் சேராமல் மிச்சம் நின்றவர்கள் எங்கள் மலைகளில் நிறையப் பேர். அடையாள அட்டை கிடையாது, வாக்கு கிடையாது. 2003 இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்திருப்பவரும், அவருடைய வழியில் பிறந்து இங்கே வசிப்பவரும் இந்நாட்டுப் பிரசை என்றது அது. ஐயா சட்டத்தின் ஆங்கிலப் பிரதியைக் கொண்டுவந்து முதலில் பார்த்தது எதைத் தெரியுமா? ‘ஹேஸ் பீன்’, ‘சின்ஸ்’. இரண்டும் இடம் பிசகாமல் இருந்தன. அந்த மனிதரை அவ்வளவு சந்தோசமாக யாரும் பார்த்ததில்லை.

ஓஃபீஸ் திண்ணையில் மேசை போட்டு உட்கார்ந்தார். கிழவிகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் “ஆயா, நீங்க இருந்தீங்க இல்ல, இருந்துக்கிட்டே இருக்கீங்க, வெளங்குதா?” என்பார். அவர்களுக்கு விளங்கியதோ இல்லையோ, படிவம் நிரம்பியது. ஒரு சதம் வாங்கவில்லை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர் என்று கிடந்தவர்களுக்கெல்லாம் இரவு லாம்பு வெளிச்சத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் ஈ.பி.எஃப். காசு எடுக்க வேண்டுமானால் ஊர் போய் நிற்பது அவர் வாசலில்தான். அந்த வாசலில் கேட்டுக்கொள்ள வேண்டிய பிரசங்கத்தை ஊர் கட்டணமாக நினைத்துக்கொள்கிறது.

ஆனால் கட்டணம் கொஞ்சம் அதிகமாகத்தான் போகிறது. எங்கள் லயத்துப் பெண்ணொருத்தி ஏ.எல். முடித்துவிட்டு இரத்தினபுரியில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போக இருந்தாள். கெட்டிக்காரி. முதல்நாள் ஐயாவிடம் ஒத்திகைக்குப் போனாள். தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, ‘ஐ ஹேவ் பாஸ்ட் மை ஏ லெவல் இன்...’ என்று ஆண்டைச் சொல்வதற்குள் விரல் எழும்பிவிட்டது. மறுபடி தொடங்கினாள். மறுபடி விரல். அடுத்த நாள் நேர்முகத் தேர்வில் இருந்தவர்கள் ஒரு விரலையும் தூக்கவில்லை. இவளுக்குத்தான் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் ஹேவா இல்லையா என்று யோசித்து யோசித்து, கடைசியில் ‘யெஸ் சேர், நோ சேர்’ என்று முடித்துவிட்டு வந்தாள். அவளுக்குப் பிறகு போய் நாலு வசனத்தில் நாலு பிழை விட்டுத் தாராளமாகப் பேசிய ஒருவருக்கு வேலை கிடைத்தது.

இதே பெண் சிங்களத்தில் வெளுத்து வாங்குவாள். நிவித்திகல சந்தையில் அவளோடு விலை பேசிச் சிங்களக் கடைக்காரர்களே தோற்றுப் போவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். அந்தச் சிங்களம் யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, சந்தையிலும் பஸ்ஸிலும் பிழையும் சரியுமாகப் பேசிப் பேசி வந்தது. பிழையாகச் சொன்னால் கடைக்காரர் சிரித்துவிட்டு மிளகாய்த்தூளை நிறுத்துக் கொடுப்பார். வினையின் எந்தக் காலம் என்று கேட்டு மிளகாய்த்தூளைத் திருப்பி வாங்கிக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கக் கொழும்பில் அச்சான கையடக்கக் கையேடு ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. ஏவலை வைத்துக்கொண்டே தோட்டம் நடத்தினார்கள். பிரட்டுக் களத்தில் நின்று அவர்கள் திணையும் பாலும் கலந்துகட்டிப் பேசிய தமிழைக் கேட்டு எங்கள் பாட்டன்மார் சிரித்திருப்பார்கள், ஆனால் விரலைத் தூக்கித் திருத்தியிருக்க மாட்டார்கள். துரையின் தமிழுக்குக் கிடைத்த அந்தச் சலுகை லயத்துப் பிள்ளையின் இங்கிலிஷுக்கு ஏன் கிடைக்கவில்லை?

ஐயா இதைப் படிப்பார். படித்துவிட்டு இதில் எங்கே ஒற்று மிகுந்திருக்கிறது, எங்கே மிகவில்லை என்று சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டு வருவார். வரட்டும். இந்தத் தாளில் எவ்வளவு வட்டம் வேண்டுமானாலும் போடலாம். பிள்ளைகள் பேச வாயெடுக்கும்போது மட்டும் வசனம் முடியும்வரை பொறுத்திருங்கள், ஐயா. முற்றுப்புள்ளிக்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திருத்துங்கள்.