முறுக்குச் சம்படத்தின் பெயர்ச்சி: ஊரடங்குக் கால இல்லம் குறித்த ஓர் ஆய்வு

சம்படம் என்பது பலகாரம் வைப்பதற்கென்று வீடுகளில் புழங்கும், இறுக்கமான மூடியுடைய எவர்சில்வர் பாத்திரமாகும். சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி ஆகியவற்றுக்குத் தவறாமல் பலன் நூல்கள் வெளிவரும் தமிழ்நாட்டில், அக்கிரகங்களைவிட அடிக்கடி இடம் மாறுவதும் வீட்டாரின் அன்றாடப் பலாபலன்களை நேரடியாகத் தீர்மானிப்பதுமான இச்சம்படத்தின் பெயர்ச்சி பற்றி முறையான ஆய்வு இல்லாதது பெருங்குறையே. அக்குறையைப் போக்க முற்படும் இக்கட்டுரை, 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது முதல், 21 நாள் என்று தொடங்கிய தேசிய ஊரடங்கு ஏப்ரல் 14, மே 3, மே 17 என்று தள்ளிக்கொண்டே போய் மே 31-ஐ எட்டியது வரையிலான கோடை விடுமுறையைத் தன் எல்லையாகக் கொள்கிறது.

முந்தைய கோடைகளில், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கு ஏற்றுமதியாகிவிடுவதால், சம்படம் சமையலறை அலமாரியில் ஒரே தட்டில் இரண்டு மாதம் நிம்மதியாகக் குடியிருந்தது. பேருந்தும் ரயிலும் நின்றுபோன 2020-இல் அவ்வேற்றுமதி தடைபட்டதே பெயர்ச்சிக்குக் காரணம் என்பர் ஒரு சாரார். இது பிள்ளைகள் மீது பழிபோட்டு ஒதுங்கும் பெரியவர்களின் கட்சி. உண்மைக் காரணம் குடும்பத் தலைவரே. அலுவலகத்தை அடுத்த டீக்கடையில் பதினொரு மணிக்கு ஒரு மெதுவடையும் நாலு மணிக்கு இரண்டு பஜ்ஜியும் தின்றுவிட்டு, இரவில் இலேசாக ஒரு தோசை போதும் என்று வீட்டில் சொல்லி மிதாகாரி என்று பெயர் வாங்கியிருந்த அவர், டீக்கடைகள் அடைபட்டு மே 11 அன்று பார்சலுக்கு மட்டும் திறக்கப்படும் வரை, தம் உண்மையான பசியோடு வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அதுநாள்வரை வெளிக்கணக்கில் நடந்துவந்த தீனி முழுவதும் வீட்டுக்கணக்கில் வந்து விழுந்தபோது, பத்து நாள் தாங்க வேண்டிய சம்படம் மூன்று நாளில் அடிதட்டியதிலும், அதனால் அதை இடம் மாற்றி ஒளித்துவைக்க நேர்ந்ததிலும் வியப்பில்லை.

உற்பத்தித் தரப்பைச் சுருக்கமாகக் காணலாம். ஏப்ரல் 5 முதல் மளிகைக் கடைகள் காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரையே திறந்திருந்தன. அதற்குள் கடலை எண்ணெயும் பச்சரிசியும் வாங்கி வந்து, நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உளுத்தம் மாவு சேர்த்து, வெண்ணெய், எள், பெருங்காயத்தோடு பிசைந்து, அச்சில் இட்டுப் பிழிந்து, எண்ணெயின் சலசலப்பு அடங்கும் வரை வேகவிட்டு எடுத்தால்தான் முறுக்கு. மே 4-இல் தொடங்கிய கத்திரி வெயிலில் இவ்வளவையும் அடுப்படியில் நின்று செய்தவர் யார் என்ற வினாவை, தின்றவர்கள் போலவே அறிஞர்களும் நாசூக்காகத் தவிர்த்து வந்துள்ளனர். பிழிபவரே ஒளிப்பவராகவும் மாறியது இவ்வினாவோடு சேர்த்தே ஆராயத்தக்கது.

அடுத்து ஒலியியல். இறுக்கமான எவர்சில்வர் மூடி திறக்கும்போது எழும் "டொப்" என்னும் ஓசை, மதியத் தூக்கத்தில் ஆழ்ந்திருக்கும் இல்லத்தரசியைக்கூட எழுப்ப வல்லது. மூடியை வயிற்றோடு அணைத்துக் கட்டைவிரலால் நெம்பும் முறையும், அதே நேரத்தில் மிக்ஸியை ஓடவிடும் முறையும் புழக்கத்தில் இருந்தபோதிலும் இரண்டும் முழு வெற்றி தந்தவையல்ல. எனினும் அக்காலத்தில் அரசே இருமுறை வழிவகுத்தது. மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியும் தட்டுகளைத் தட்டியும் மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொன்னபோது, எந்த மூடியின் ஓசையும் தனித்துக் கேட்கவில்லை. ஊரடங்குக்கு முந்தியதாயினும் இதை முன்னோடி நிகழ்வாகக் கொள்ளலாம். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கணைத்து அகல் ஏற்றச் சொன்னபோதோ, வீட்டார் அனைவரும் வாசலிலும் மொட்டைமாடியிலும் நிற்க, சமையலறை இருளில் கேட்பாரற்றுக் கிடந்தது. அந்த 9 நிமிடங்களில் "தீப்பெட்டி எடுத்து வருகிறேன்" என்று உள்ளே போனவர்கள் எல்லாரும் ஐயத்துக்குரியவர்களே.

இனி கடைசி முறுக்கு விதி. எந்தச் சம்படமும் முற்றிலும் காலியாவதில்லை. அடியில் அரை முறுக்கும் கொஞ்சம் தூளும் எப்போதும் எஞ்சும். இது தியாகத்தின் அடையாளம் என்று கொள்வது அப்பாவித்தனம். காலிசெய்தவரே கழுவ வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாதலால், கடைசி முறுக்கைப் பாதியாக ஒடித்து, பாதியைத் தின்று, மீதியைச் சாட்சியாக விட்டுச் செல்வது சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்தும் செயலாகும். அடுத்து வருபவர் அதிலும் பாதி ஒடிப்பார். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் இவ்வாறு மாறி மாறி ஒடித்து, எள் ஒன்று ஒட்டிய நுனி மட்டும் மிஞ்சிய நிலையிலும் சம்படம் "காலியாகவில்லை" என்றே அறிவிக்கப்பட்டு வந்தது.

மறைவிடங்களைப் பொறுத்தவரை, சம்படம் முதலில் அரிசி டிரம்முக்குப் பின்னும், பின்னர் பரணிலும், கல்யாணங்கள் தள்ளிப்போனதால் யாரும் திறக்காத பட்டுப்புடவை பீரோவிலும் பெயர்ச்சியானது. எண்ணெய்க்கறை அச்சத்தால் பீரோவில் நெடுநாள் தங்க இயலவில்லை. இவையனைத்தினும் உயர்ந்த மறைவிடம் பிள்ளையின் புத்தகப் பையே. ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்று மார்ச் 25 அன்று முதல்வர் அறிவித்துவிட்டதால், அப்பையை அதன் உரிமையாளர் திறக்க வாய்ப்பே இல்லை என்று கணித்த தாயின் நுண்ணறிவு போற்றத்தக்கது. பத்தாம் வகுப்புப் பை மட்டும் இதற்கு உதவவில்லை. பொதுத்தேர்வு ஜூன் 1 என்றும், பிறகு ஜூன் 15 என்றும் தள்ளிப்போய்க்கொண்டிருந்ததால், அது எந்நேரமும் திறக்கப்படலாம் என்ற அபாயம், ஜூன் 9 அன்று தேர்வு ரத்தாகும் வரை நீடித்தது.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அதற்குள் பல பிள்ளைகளுக்குப் புதுப் பை வாங்கியாயிற்று. பழைய பையை இன்னும் பரணில் வைத்திருப்போர், அதை யாருக்கேனும் கொடுக்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.