பாலத்து மேல நின்னு பாலத்தத் தேடுற பொடியனுக்கு

வா தம்பி, ஒக்காரு. கழுத்துல கேமரா, கையில போனு, காலுல வெல ஒசந்த சப்பாத்து. எல்லாஞ் சரி. பாலம் எங்கன்னு கேட்டியே, நீ நிக்கிறதே அது மேலதானே?

ஒன்னயச் சொல்லி என்ன? எங்க எல்ல ஊருக்கு வாறவங்க பாதிப் பேரு இப்பிடித்தான். ஒம்பது வளைவுப் பாலத்தப் போனுல பாத்தது ஒரே பக்கமா. சரிவுல நின்னு, வளைவெல்லாந் தெரிய, ரயிலு வாற நேரம் எடுத்த படம். கால்மாட்டுல வெறுந் தண்டவாளத்தக் கண்டதும் மண்ட முழிக்குது.

இதுக்கும் படிச்சவங்க கணக்கு வச்சிருக்காங்க. ஒவ்வொரு சாமானுக்கும் மூளைக்குப் புடிச்ச பக்கம் ஒன்னு இருக்காம். அதக் காட்டுனா டக்குனு பேரு சொல்லும். கேத்தல நேரா உச்சியிலருந்து காட்டு, தலையச் சொறியும். 1971ல ஷெப்பர்டு, மெட்ஸ்லருன்னு ரெண்டு பேரு கட்டைய ஒட்டுன மாதிரி உருவங்கள ரெண்டு ரெண்டாக் காட்டி, ரெண்டும் ஒன்னான்னு கேட்டாங்க. எம்புட்டுத் திருப்பி வச்சாங்களோ அம்புட்டுக்குப் பதில் சொல்ற நேரம் கூடுச்சு. மனசுக்குள்ளயே உருட்டிப் பாக்குதாம், செக்கனுக்கு 60 பாகை கணக்குல! 1973ல லண்டன்ல வாரிங்டன்னு ஒரு அம்மா இன்னொன்னு கண்டாங்க. மூளையில வலது பக்கம், பின்னால அடிபட்டவங்க, நேராக் காட்டுன சாமானுக்குப் பேரு சொல்லிர்றாங்க. ஏடாகூடமான பக்கத்துலருந்து எடுத்த படம்னா திணறுறாங்க. கண்ணுல ஒரு கோளாறும் இல்ல.

ஒனக்கு எங்கயும் அடிபடலயே தம்பி? பின்ன என்ன? சுத்திப் பாக்கல. அம்புட்டுதான்.

அந்தா, தேயில மலையில எங்க பொம்பளைங்களப் பாரு. இடுப்புல படங்கு, முதுகுல கூடை. குனிஞ்ச பார்வைக்கு ஒரு இலை நேரா நிக்கும், ஒன்னு முதுகு காட்டும், ஒன்னு அடியிலருந்து நுனிய மட்டும் நீட்டும். ஊர்க்கதை பேசிக்கிட்டே ரெண்டு இலையும் அரும்புமாக் கிள்ளுறாங்க. முத்தல் கூடைக்குள்ள போவாது. பாகையா கத்துக் குடுத்தாங்க? எல்லாப் பக்கமும் பாத்துப் பழகுன கண்ணு. பட்டம் மட்டும் யாரும் குடுக்கல. தராசுல ரெண்டு கிலோ கழிக்கிறதோட சரி.

பக்கத்துல தெமோதரையில இன்னொரு வேடிக்க. ஸ்டேசன விட்டுக் கெளம்புன ரயிலு மலையச் சுத்தி வந்து, அதே ஸ்டேசனுக்கு அடியில சுரங்கத்துல பூந்து பதுளைக்குப் போவுது. இப்பத்தான் நின்ன ஸ்டேசன் தலைக்கு மேல! அதப் பாக்க எத்தன பேரு நிமிர்றாங்க? மேல எடுத்த போட்டோவுக்குக் கலரு பூசவே நேரம் பத்தல.

சரி, எந்திரி. தண்டவாளத்த விட்டுத் தள்ளி நில்லு, வண்டி வாற நேரம். அடியில எறங்கி அண்ணாந்து பாரு, பெறகு தேயில மலையில ஏறி இன்னொரு தரம் பாரு. மழ பெஞ்சிருக்கு, அட்ட ஏறும். காலுக்குச் சவுக்காரம் பூசிக்க.